பொன்னைத் தேடும் விதமும் மன்னார் மணலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சில வாரங்களுக்கு முன் நமது சங்கத்து இளைஞர் ஒருவர் ஒரு சிறு கண்ணாடிப் போத்தலுடன் என்னிடம் வந்தார். அதனுள்ளே கடற்கரையில் அள்ளிய கரிய மணல் இருந்தது. வெயிலிற் பிடித்துக் காட்டியபோது அதனிடையே மஞ்சளாகச் சில துகள்கள் மின்னின. "மாஸ்டர், இது பொன்னா? பொன்னாயிருந்தால் யாருக்குச் சொல்ல வேண்டும்? பொன்னில்லையாயின் ஏன் நமது மணலைத் தேடிப் பிற நாட்டார் வருகின்றனர்?" என்று கேட்டார். மூன்று கேள்விகளும் நல்ல கேள்விகள். இரசாயனம் கற்பிக்கும் எனக்கு அவற்றை விட்டு வேறு பொருளைத் தேடிப் பேச மனம் வரவில்லை. அவற்றுக்கு விடை சொல்வதே இன்றைய பேச்சு.

முதற் கேள்விக்கு உடனே விடை கூறலாம். அது பொன் அன்று, அப்பிரகம். பொன்னை அறிய மூன்று எளிய சோதனைகள் உண்டு. சுத்தியலால் மெல்லத் தட்டினாற் பொன் தகடாகும். அப்பிரகம் ஏடேடாகப் பிரியும். பொன்போலத் தோன்றி ஏமாற்றும் கந்தக இரும்புக் கல் பொடியாகும். மெருகிடாத வெண்பீங்கானில் உரைத்தாற் பொன் மஞ்சட் கோடு இடும். கந்தக இரும்புக் கல் பசுமை கலந்த கருங்கோடு இடும். மூன்றாவது சோதனை நிறை. நீரைப்போல் 19 மடங்கு நிறையுடையது பொன். சாதாரண மணலோ இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். நமது இல்லங்களில் அரிக்கன் சட்டியில் அரிசி அரிப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். சட்டியை ஆட்ட ஆட்ட அரிசி நீரோடு வழிந்து போகக் கல் அடியில் நின்றுவிடும். உலகமெங்கும் ஆற்று மணலிற் பொன் தேடுவோர் கையாளும் முறையும் இதுவே. நமது தாய்மார் அறிந்த வித்தைதான்.

ஆனால் ஒரு துகளைப் பொன்னென்று அறிவது வேறு. பொன் விளையும் நிலத்தை அறிவது வேறு. இரண்டாவதற்கே மண்ணியல் இரசாயனம் வேண்டும்.

பொன் எங்கும் உள்ளது என்றாற் சிலர் வியப்படைவர். சாதாரணப் பாறையிலும் உண்டு, கடல் நீரிலும் உண்டு. எவ்வளவு என்பதே கேள்வி. பூமியின் மேலோட்டுப் பாறைகளில் ஆயிரம் தொன்னுக்குச் சராசரியாகச் சில கிராம் பொன்னே இருக்கிறது. ஒரு பவுண் எட்டுக் கிராம். ஆகவே கண்ட கண்ட பாறையை உடைத்து ஒரு பவுண் எடுக்க விரும்புபவர் குறைந்தது இரண்டாயிரம் தொன் பாறையை உடைக்க வேண்டும். சுரங்கம் தோண்டிப் பயன்பெற, பொதுவாக ஒரு தொன்னிலேயே சில கிராம் வேண்டும். இயற்கையே ஆயிரம் மடங்கு திரட்டி வைத்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் பொன் தேடுவோர் தொழில்.

கடல் நீரைப் பற்றி ஒரு வரலாறு உண்டு. 1918 ஆம் ஆண்டு நொபெல் பரிசு பெற்ற யேர்மன் இரசாயனப் பேரறிஞர் பிறிற்ஸ் ஹாபர், முதலாம் உலகப் போரிலே தோற்ற தமது நாட்டின் நட்டஈட்டைக் கடல் நீரிலிருந்து பொன் எடுத்துத் தீர்த்துவிடலாம் என்று எண்ணினார். அதற்கு முன் பிறர் கூறியிருந்த கணக்கை நம்பினார். கப்பலேறிக் கடல் கடலாக நீரெடுத்துத் தாமே நுணுக்கமாக அளந்தபோது, உண்மையளவு அக்கணக்கில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே என்று கண்டார். 1920களின் நடுப்பகுதியில் அம்முயற்சியைக் கைவிட்டார். தம் ஆசைக்கு மாறான அளவைத் தாமே கண்டு, அதனை மறைக்காமல் உலகுக்குச் சொன்னார். விஞ்ஞானியின் நேர்மை இதுவாகும்.

இனி, பொன் எவ்வாறு திரள்கிறது? நிலத்தின் ஆழத்தில் வெந்நீர் பாறை வெடிப்புகளினூடே ஓடுகிறது. அதிலுள்ள கந்தகச் சேர்வைகளும் உப்புகளும் பொன்னைக் கரைத்துச் சுமந்து செல்லும். வெப்பம் தணியும்போதோ, அமுக்கம் குறையும்போதோ, வழியிலுள்ள இரும்புப் பாறை கந்தகத்தைக் கவரும்போதோ பொன் பிரிந்து படிகிறது. வெடிப்பை நிரப்பும் வெண்கல்லோடு சேர்ந்து நரம்புபோல் அது கிடக்கும். கோலார் தங்கவயலிற் பொன் இவ்வாறே இருந்தது. 1880களில் யோன் ரெயிலர் கம்பனியார் அங்கே பழங்காலத்தார் தோண்டி விட்ட குழிகளைப் பின்பற்றிச் சென்று வளமான நரம்பைக் கண்டனர். வட ஆற்காடு, சேலம் முதலிய இடங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக அச்சுரங்கத்தில் உழைத்தனர். மூன்று கிலோமீற்றருக்கும் மேலான ஆழம் வரை இறங்கினர். 2001 ஆம் ஆண்டு பெப்ரவரியில் அச்சுரங்கம் மூடப்பட்டது. பொன் போயிற்று, அரைத்துக் கழித்த கழிவு மண் மலைபோல் அங்கேயே நின்றது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு வருவேன்.

அந்த நரம்பு மண்மூடிக் கிடந்தால் எப்படிக் காண்பது? பொற்கொல்லர் தெருக்களிற் பட்டறை வாசலைக் கூட்டி அந்தத் தூசியை அரித்துப் பொன் எடுக்கும் ஏழை மக்கள் உண்டு. பட்டறையின் உள்ளே போகாமலே, வாசல் மண்ணைப் பார்த்து உள்ளே பொன் வேலை நடப்பதை அவர்கள் அறிகின்றனர். மண்ணியல் இரசாயனமும் அவ்வாறே. பாறை சிதைந்து மண்ணாகும்போது அதிலுள்ள மூலகங்கள் சுற்றிலும் பரவுகின்றன. மழை அவற்றை ஓடைக்கும், ஓடை ஆற்றுக்கும் கொண்டுபோகின்றன. ஆராய்வோர் ஆற்றின் கீழ்ப்பகுதியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கிளை ஓடையிலும் வண்டல் எடுத்துச் சோதித்துக்கொண்டே மேலே ஏறுவர். எந்தக் கிளையில் அளவு உயர்கிறதோ அந்தக் கிளையைப் பின்பற்றுவர். எந்த இடத்துக்கு அப்பால் அளவு திடீரென்று குறைகிறதோ, அதனருகிலேயே மூல இடம் உள்ளது. பின்னர் அந்நிலத்திற் கட்டம் கட்டமாகக் கோடிட்டு மண் எடுத்துச் சோதித்து, இறுதியிலே துளையிடுவர்.

இதிலே இரண்டு நுட்பங்கள் உண்டு. முதலாவது: பொன் மிக அரிதாகையால் அதனோடு கூடி வாழும் மூலகங்களைத் தேடுவர். ஆசெனிக்கு என்னும் பாடாணம், அந்திமனி, இரசம் ஆகியன பொன்னுக்கு வழிகாட்டிகள். நெருப்பைக் காணாவிடினும் புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்கலாம் என்று நமது தருக்க நூலார் சொல்லும் அநுமானப் பிரமாணமே இது. எந்த மூலகம் எதனோடு சேரும் என்பதற்கு ஒழுங்கான விதிகளை வகுத்தவர் நோர்வேயில் வாழ்ந்த கோல்ட்சிமித் என்னும் அறிஞர். 1947 இல் மறைந்தவர். இரும்பை நாடுவன, கந்தகத்தை நாடுவன, கல்லை நாடுவன என்று மூலகங்களை அவர் வகைப்படுத்தினார். பொன் இரும்பை நாடும் வகுப்பைச் சேர்ந்தது.

இரண்டாவது: ஓர் எண்ணை மட்டும் கண்டு துள்ளலாகாது. உடலின் இயல்பான வெப்பநிலையை அறிந்தவனே காய்ச்சலை அறிவான். அதுபோல அந்நிலத்தின் இயல்பான அளவு யாதென முதலிலே அறிந்தால்தான் எது மிகை என்று சொல்ல முடியும்.

ஆய்வுசாலையில் என்ன நடக்கிறது? இன்று அணுவுறிஞ்சல் முறையும் அதனினும் நுண்ணிய கருவிகளும் வந்துவிட்டன. அணுவுறிஞ்சல் முறையை 1955 இல் அவுஸ்திரேலியாவில் அலன் வால்ஷ் என்பவர் வகுத்தளித்தார். எனினும் பழைய புடமுறைக்கு இன்னும் மதிப்புண்டு. பாறையை மாவாக அரைத்து, ஈய ஒட்சைட்டு, சோடா, வெண்காரம் சேர்த்து உலையில் உருக்குவர். உருகிய ஈயம் பொன்னையும் வெள்ளியையும் தன்னுட் சேர்த்துக்கொண்டு அடியிலே திரளும். அவ்வீயத்தை எலும்புச் சாம்பலாற் செய்த சிறு கிண்ணத்தில் வைத்து மீண்டும் சூடேற்ற, ஈயத்தைக் கிண்ணம் உறிஞ்சிவிட ஒரு சிறு மணி எஞ்சும். அதிலுள்ள வெள்ளியை நைத்திரிக் கமிலத்திற் கரைத்துவிட்டால் நிற்பது பொன். அதனை நிறுப்பர். ஆணவ மலத்துக்குச் செம்பிற் களிம்பை உவமை கூறும் சைவ சித்தாந்த ஆசிரியர்கள் உலோக வித்தையை உற்று நோக்கியவர்கள் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இரசாயனம் எவ்வளவு பொன் என்றுதான் சொல்லும். அது எங்கிருந்து வந்த பொன் என்று சொல்வது கனிமப் பரிசோதனை. இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. இந்தோனேசியாவின் போர்ணியோக் காட்டிற் புசாங் என்னும் இடத்தில் உலகத்திலேயே பெரிய பொன்வளம் உண்டென்று பிறே-எக்ஸ் என்ற கனடாக் கம்பனி பறைசாற்றியது. பங்கு விலை வானளாவ ஏறிற்று. பொதுவழக்கப்படி, துளையிலிருந்து எடுத்த பாறைத் தண்டை நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைச் சோதித்து மறுபாதியைச் சான்றாக வைக்க வேண்டும். அங்கே முழுவதையும் நொறுக்கிவிட்டனர். பின்னர் பூதக்கண்ணாடியின் கீழ் ஆராய்ந்தவர்கள், அப்பொன்துகள்கள் ஆற்றிலே உருண்டு முனை மழுங்கியவை, பாறையில் இருந்தவை அல்ல என்று கண்டனர். யாரோ மாதிரியிற் பொன்னைக் கலந்திருக்கின்றனர்! 1997 ஆம் ஆண்டு சூழ்ச்சி வெளியாயிற்று. ஆயிரமாயிரம் மக்கள் தங்கள் சேமிப்பை இழந்தனர். எனவே, நண்பர்களே, எந்த மண்ணை யார் சோதிக்கக் கேட்டாலும் பாதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த இடமும் தேதியும் எழுதி ஒட்டி வையுங்கள்.

இனி நமது மன்னாருக்கு வருவோம். இங்கே பொன் உண்டா?

இலங்கையின் நிலத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய உருமாறிய பாறைகளாலானது. இரத்தினக்கல் அரிக்கும் சில ஆற்றுச் சரளைகளிற் சிறு பொன்துகள்கள் காணப்பட்டதுண்டு. ஆயினும் கோலாரைப் போன்ற பெரும் பொன்வளம் இந்நாட்டில் அறியப்படவில்லை. நமது தீவோ அப்பழம்பாறையும் அன்று. யாழ்ப்பாணத்திற்போல அடியிலே சுண்ணாம்புக்கல். மேலே கடலும் காற்றும் குவித்த இளமணல். வெந்நீர் நரம்புகள் ஓடிய இடமன்று. மாந்தைத் துறைமுகத்திற் பண்டைக்காலத்திலே பொன் புழங்கியிருக்கலாம். அது வாணிகத்தால் வந்த பொன்னேயன்றி மண்ணில் விளைந்த பொன்னன்று.

ஆனால் பொன்னைத் தேடும் அதே அறிவு நமது மணலிலே வேறொன்றைக் காட்டுகிறது. உள்நாட்டுப் பழம்பாறைகள் யுகயுகமாகச் சிதைய, அருவியாறு முதலிய ஆறுகள் அச்சிதைவைக் கடலுக்குக் கொண்டுவந்தன. அலையும் நீரோட்டமும் காற்றும் பெரும் அரிக்கன் சட்டியாக நின்று இலேசான மணலை அகற்றி நிறையான கனிமங்களை ஒதுக்கின. கரிய இல்மனைற்று, செந்நிறக் காணற்று, றூற்றைல், சேர்க்கன் ஆகியன அவை. அவற்றைப் பிரிப்பதும் அழகான வித்தை. வலிய மின்காந்தம் இல்மனைற்றையும் காணற்றையும் இழுக்கும். எஞ்சியவற்றில் றூற்றைல் மின்னைக் கடத்தும், சேர்க்கன் கடத்தாது, அவ்வேறுபாட்டாற் பிரிப்பர். கரிய இல்மனைற்றிலிருந்துதான் உலகத்தின் வெள்ளைப் பூச்சுக்குரிய தைத்தேனியம் ஒட்சைட்டு எடுக்கப்படுகிறது என்பது வேடிக்கையன்றோ!

புல்மோட்டைக் கடற்கரையில் இவ்வகை மணல் மிகச் செறிந்து கிடப்பதால் 1957 இலேயே அரசாங்கம் அதற்கெனக் கூட்டுத்தாபனம் அமைத்தது. நமது தீவில் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த தைத்தேனியம் சாண்ட்ஸ் என்னும் கம்பனி துளைகளிட்டு ஆராய்ந்தது. இருபது கோடித் தொன்னுக்கு மேற்பட்ட மணல் உண்டு, அதில் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பங்கு நிறைகனிமம் என அது அறிவித்தது. 2025 ஆம் ஆண்டிலே காற்றாலைகளோடு மணல் அகழ்வையும் எதிர்த்து நமது மக்கள் வீதியில் நின்றதை நீங்கள் அறிவீர்கள். நிற்காதவர்களும் அறிவீர்கள்.

நான் இங்கே அரசியல் பேச வரவில்லை. எண்களைப் பார்ப்போம். நூற்றுக்கு நான்கு பங்கு எடுக்கப்படுமாயின் தொண்ணூற்றாறு பங்கு திரும்ப இடப்படும், ஆதலால் நட்டமில்லை என்று சொல்வோர் உண்டு. அது மணலைப் பற்றிய கணக்கு. மணலினுள் இருக்கும் நீரைப் பற்றிய கணக்கு வேறு. தீவின் நன்னீர் கடலுப்பு நீரின்மேல் மிதக்கிறது. கைபென், ஹேர்ஸ்பேர்க் என்ற இரு பொறியியலாளர் சென்ற நூற்றாண்டின் வாசலிலே கூறிய விதிப்படி, கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் நிற்கும். அதையே மறுபுறமாகப் பாருங்கள். மேலே ஓரடி தாழ்ந்தால் கீழே நாற்பதடி உப்பு ஏற இடமாகும். எல்லா இடத்திலும் இக்கணக்குச் சரியாக அமையாது. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் அதனை மாற்றும். ஆயினும் போக்கு அதுவே. நமது கிணறும் பூவலும் பனையும் தோட்டமும் நிற்பது அந்த மெல்லிய நன்னீர்த் தட்டின்மேல். அகழ்ந்தபின் திரும்ப இட்ட மணல் பழைய மட்டத்தில் நிற்குமா, பழையபடி மழைநீரைத் தாங்குமா என்பதற்கு அளவுகளோடு விடை வரவேண்டும். கோலாரிலே எடுத்த பொன்னுக்குக் கணக்கு இருந்தது. விட்டுப்போன மேட்டோடு வாழ்பவர்களை யார் கணக்கெடுத்தனர்?

இன்னொரு பாடம் நமது வாசலிலேயே உண்டு. அரிப்புக் கடலில் 1905 ஆம் ஆண்டிலே கோடிக்கணக்கான சிப்பிகள் வந்த பெரும் முத்துக்குளிப்பு நடந்தது. அடுத்த ஆண்டே முத்துப்பார்கள் ஒரு கம்பனிக்கு நீண்ட குத்தகைக்கு விடப்பட்டன. 1907க்குப் பின் நெடுங்காலம் குளிக்கச் சிப்பியில்லை, கம்பனியும் நொடித்தது. கடலின் இருப்பை அறியாமல் குறித்த விலை அது.

அப்படியாயின் விஞ்ஞானம் வேண்டாமா? அதுவன்று நான் சொல்வது. பெரியோர்களில் ஒருசாரார், "இந்த ஆராய்ச்சியே வினை, யாரையும் மண்ணைத் தொடவிடாதே" என்கின்றனர். அவர்கள் அச்சம் நியாயமானது. ஆனால் நாம் ஆராயாவிடினும் பிறர் ஆராய்வர். திருவிதாங்கூரில் நடந்ததைக் கேளுங்கள். 1909 ஆம் ஆண்டளவிற் சொம்பேர்க் என்னும் யேர்மன் இரசாயனி, அங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்து, அதிலே மொனசைற்று என்னும் கனிமம் உண்டென அறிந்தார். காஸ் விளக்கின் வலைத்திரிக்கு வேண்டிய தோரியம் அதிலுண்டு. அதன்பின் மணவாளக்குறிச்சிக் கரையில் மணல் அள்ளத் தொடங்கினர். அக்கரையில் வாழ்ந்தோர் காலமெல்லாம் மிதித்து நடந்த மண்ணைக் கயிற்று முனையிலிருந்து அந்நியர் ஒருவர் அறிந்துவிட்டார்!

அறிவு நம்மவர்க்கு எட்டாததும் அன்று. கலாயோகி ஆனந்த குமாரசுவாமியைக் கலை அறிஞராகவே நாம் போற்றுகிறோம். அவர் முதலிலே மண்ணியல் கற்றவர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம அளவையின் முதற் பணிப்பாளராயிருந்து இத்தீவின் பாறைகளை நடந்து நடந்து ஆராய்ந்தவர். 1904 இல் தோரியனைற்று என்னும் புதிய கனிமம் உலகுக்குத் தெரியவந்தது அவரது பணியாலேயே. மண்ணை அறிந்தபின்னரே அவர் மக்களின் கலையை அறிந்தார். இரண்டும் அவருக்கு ஒரே நாட்டின் செல்வங்களாயிருந்தன.

ஆகவே வாலிப நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு நமது சங்கம் ஒரு சிறு பணியை மேற்கொள்ளட்டும். ஒவ்வோர் ஊரிலும் ஐந்து கிணறுகளைத் தெரிந்தெடுங்கள். பேசாலை, தலைமன்னார், எருக்கலம்பிட்டி, தாழ்வுபாடு என்று எந்த ஊரானாலும் சரி, எந்தச் சமயத்தவர் வீட்டுக் கிணறானாலும் சரி. உப்புக்குச் சமய வேறுபாடு தெரியாது. மாதந்தோறும் நீர்மட்டம் கிணற்று விளிம்பிலிருந்து எத்தனை அடி என்று அளவுகோலால் அளந்து எழுதுங்கள். உப்பின் அளவைப் பள்ளிக்கூட ஆய்வுகூடத்திலே வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலால் அறியலாம். மின்கடத்தும் திறனை அளக்கும் சிறு கருவியாலும் அறியலாம். தேதியோடு ஒரு கொப்பியில் எழுதிச் சங்கத்து அலுமாரியில் வையுங்கள். மூன்று மாரியும் மூன்று கோடையும் எழுதிய கொப்பி, நாளை எந்த விசாரணை மண்டபத்திலும் ஆயிரம் முழக்கங்களுக்கு நிகராகப் பேசும். மேலே சொன்னேனே, இயல்பான அளவை அறிந்தவனே மிகையை அறிவான் என்று. நமது கிணற்றின் இயல்பான அளவை இன்று எழுதாவிட்டால், நாளை அது கெட்டதென்று எதனைக் கொண்டு நிறுவுவோம்?

பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பஞ்ச காலத்திலும் வற்றாத கிணறு எது, உப்பேறிக் கைவிட்ட கிணறு எது, எந்த ஆண்டில் என்பன உங்கள் நினைவில் உள்ளன. அவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், அவர்கள் எழுதிக்கொள்ளட்டும்.

போத்தலோடு வந்த இளைஞருக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தம்பி, இது பொன்னில்லை. பாதியை எனக்குத் தா. பாதியை நீ வைத்திரு. எடுத்த இடத்தை எழுதி ஒட்டு. இனி உன் வீட்டுக் கிணற்றை அளந்துகொண்டு வா" என்றேன். சிறிது ஏமாற்றத்தோடு போனார். மறுவாரம் ஒரு துண்டுக் கடதாசியோடு வந்தார். அதில் அவர் வீட்டுக் கிணறு மட்டுமன்றி அயலிலுள்ள இரண்டு வீட்டுக் கிணறுகளின் அளவும் இருந்தன. அந்தக் கடதாசிதான் நமது கொப்பியின் முதற் பக்கம்.

சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரப் பெருமான் பாலாவிக் கரையில் எழுந்தருளியிருக்கின்றார். நீர்க்கரையிலே கோயில் கண்ட நம் முன்னோர், நீரைச் செல்வமாகக் கருதியவர். அச்செல்வத்தைக் கணக்கோடு காக்கும் அறிவையும் ஊக்கத்தையும் அப்பெருமான் நமக்கு அருள்வாராக.